வசந்தாவுக்கு மட்டும் அவ்வளவு நேரமா?

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது எதிர்வீட்டு வசந்தா எது செய்தாலும் எனக்குப் பொறாமைதான். மகளிர் மன்றத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் வைத்ததும் அவள்தான். அவள் கூப்பிட்டாள் என்பதற்காகவே நான் பெயர் கொடுக்கவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் போனேன்.

டாக்டரம்மா அவளை அரைமணி நேரமாக உள்ளேயே வைத்திருந்தார். “அவளுக்கு மட்டும் இன்னா அவ்ளோ நேரம்? நானும் போறேன்” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு நுழைந்தேன். வசந்தா பெயர்ப் பட்டியல்தான் எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பி வர வெட்கப்பட்டுப் பரிசோதனைக் கட்டிலில் படுத்தேன்.

டாக்டரின் விரல்கள் என் இடது மார்பில் நின்றன. “இந்தக் கட்டி எவ்ளோ நாளா இருக்கும்மா?”

எனக்குத் தெரியவே தெரியாது.

சீக்கிரம் கண்டுபிடித்ததால் ஆபரேஷனோடு பிழைத்தேன். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் வசந்தா. அப்போதும் அவள் நோயில்லாமல் நடமாடுவதைப் பார்த்து வயிறு எரிந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

இப்போது மாதாமாதம் நானே தடவிப் பார்த்துக்கொள்கிறேன். முகாம் என்றால் யார் கூப்பிட்டாலும் போய்விடுகிறேன்.