சுவரில் ஒட்டிய கஞ்சி

எலெனைச் சைகோன் பல்கலைக்கழக விடுதியின் நோயறையில் வேலைக்குப் போட்டது ஆட்சி மாறிய அடுத்த வருடம். அதற்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். இங்கே ஆறு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பூட்டுப் போட்ட மருந்து அலமாரி. அலமாரியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஈரத்துணி, வயிறு போனால் உப்புச்சர்க்கரைத் தண்ணீர், எதற்கும் கஞ்சி. கான் ஹொய் பகுதியில் இருந்த வீட்டிலிருந்து பாலம் கடந்து சைக்கிளில் வருவாள். பொழுது சாய்ந்தால் அதே பாலம்.

அவளுடைய புருஷன் லூயி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தமிழர். அப்படிப்பட்டவர் சைகோனில் தங்குவது நல்லதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். பிரெஞ்சுக் குடிமக்களை ஏற்றிப் போன விமானத்தில் இரண்டு பேருக்குமே இடம் இருந்தது. ஆனால் மாமியார் இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தாள். லூயிக்குப் படுக்கையில் மலத்தட்டு வைக்கத் தெரியாது. ஆகவே அவர் போனார், எலென் இருந்தாள். கிழவியைப் புண் வராமல் மூன்று வருடம் பார்த்து, அடக்கம் செய்துவிட்டுத்தான் பயணத்துக்கு மனுப் போட்டாள்.

மனு போன சமயத்தில், லூயி போய்த் தங்கிய மார்செய்லில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கூடப் பட்டாளத்தில் இருந்த அகுஸ்தேன் விவரம் எழுதியிருந்தார். பழைய சிப்பாய்களுக்கான இல்லத்தில் சேர்த்திருக்கிறார்களாம், சுத்தமான இடமாம், பேச்சு குளறுகிறதாம், தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதாம்.

எலென் அழவில்லை. புரை ஏறுகிறது என்றால் கெட்டியாகக் கொடுக்க வேண்டும், நல்ல பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும், தலையைச் சற்றுக் குனிய வைக்க வேண்டும் என்று பதில் போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைத்தாலும் கை லூயியின் கனத்தை எதிர்பார்த்தது. அவர் கனமான மனிதர். இந்தப் பிள்ளைகள் சுள்ளி மாதிரி இருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரை யார் புரட்டுகிறார்கள் என்ற கேள்வி அவளோடு சைக்கிளில் வந்தது, போனது.

பயணத்துக்கு வேண்டிய எல்லாம் சேர்ந்துவிட்டன. வேலை செய்யும் இடம் அவளை விடுவிப்பதுதான் பாக்கி. அது விடுதி நிர்வாகி கியெமின் கையில் இருந்தது.

மீனாளின் சங்கதி அப்போதுதான் வந்தது. மூன்றாம் வருடம் வேதியியல் படிக்கிற பெண். அப்பா செட்டியார் கடையில் வேலை பார்த்து, கடை மூடியதும் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டவர்; அம்மா இந்த ஊர்க்காரி. விடுதியில் அவளை மி நா என்பார்கள். எலெனோடு மட்டும் தமிழ் பேசுவாள், பாதி மறந்த தமிழ். காய்ச்சலில் ஒரு வாரம் நோயறையில் கிடந்தாள்.

விடுதியில் சுவர்ப் பத்திரிகை என்று ஒரு வழக்கம் உண்டு. பெரிய தாளில் கையாலேயே எழுதி, படம் வரைந்து, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டுவார்கள். ஆசிரியர் தினத்துக்கு அறைக்கு ஒன்று வரும். ஆனால் இளைஞர் சங்கம் படித்துப் பார்த்து மூலையில் முத்திரை குத்தினால்தான் சுவர் ஏறலாம். அந்த வருடம் மீனாளின் அறைப் பெண்கள் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாததைப் பற்றி எழுதினார்கள். அலுவலகத்துத் தொட்டி நிரம்பி வழிகிறதையும் வரைந்தார்கள். தொட்டியை எடுத்துவிட்டால் முத்திரை தருகிறோம் என்றது சங்கம். அவர்கள் எடுக்கவில்லை.

காய்ச்சல் விட்டு எழுந்து போகிற அன்று மீனாள் அடுப்படியில் நின்றாள்.

"அத்தை, மிச்சக் கஞ்சி எடுத்துக்கிடவா? ஒட்டுறதுக்கு."

"முத்திரை ஆச்சா?"

"இல்லை."

"வடிச்ச தண்ணிய எடுத்துக்க. அதுதான் பிடிக்கும்," என்றாள் எலென். மிச்சம் மீதியைப் பசைக்குக் கொடுப்பது எப்போதும் உள்ளதுதான்.

ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டினார்கள். பசை நன்றாகவே பிடித்தது, அதுதான் வினையாயிற்று. காலையில் கிழிக்க வந்த சங்கத்துக்காரர்களால் தாளை உரிக்க முடியவில்லை. கத்தி வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. சுரண்டின இடத்தில் வெள்ளை வெளேரென்று, வடிநீரோடு வந்துவிட்ட அரிசிப் பருக்கைகள். விடுதி முழுக்க அப்போது போபோ என்று சொல்லும் சிவப்புச் சோளம்தான் தின்றுகொண்டிருந்தது. அரிசி வந்தது நோயறைக்கு மட்டும். யார் எழுதியது என்பதை ஒளிக்க இடது கையால் எழுதிய பெண்களுக்கு, பசை என்ன நிறம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அந்த வாரம் மூன்றாம் மாடியிலிருந்து நோயறையில் கிடந்தது மீனாள் ஒருத்திதான்.

கியெம் எலெனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பையனின் அம்மைக்கு எலென்தான் போய்ப் பார்த்தாள். பத்திரிகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நோயாளிகளின் அரிசியை அந்தப் பெண் திருடியிருக்கிறாள், திருட்டுக்காக வெளியே அனுப்பிவிட்டால் காரியம் முடிந்தது என்றார்.

"அக்கா, அவ கேக்காம எடுத்தான்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும். உங்க காகிதத்தையும் இன்னைக்கே அனுப்பிடறேன். அண்ணன் அங்க தனியா கெடக்கறார்."

எலென் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்செய்லில் இப்போது விடிந்துகொண்டிருக்கும். உடம்பு துடைக்கிற நேரம். லூயிக்குக் கழுத்தில் பிறர் கை பட்டால் கூசும். அவசரக்காரி எவளாவது துடைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இரண்டு வரி எழுதினால் அந்தத் துண்டை அவள் வாங்கிக்கொள்ளலாம். வெந்நீரின் சூடுகூடக் கையில் தெரிந்தது.

"கேட்டுத்தான் எடுத்தா," என்றாள். "நான்தான் குடுத்தேன். எதுக்குன்னும் தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"தெரியும்னு சொல்லாதீங்க அக்கா."

"தெரியும். எழுதிக்குங்க."

கியெம் எழுதவில்லை.

திருட்டு இல்லையென்று ஆனபின் மீனாளை வெளியே அனுப்ப ஒரே வழிதான் இருந்தது. பொதுக்கூட்டம் போட்டு, பத்திரிகையில் என்ன எழுதியிருந்தது என்று எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். அலுவலகத்துத் தொட்டி வழிகிறதை வாய்விட்டு வாசிக்க யாரும் விரும்பவில்லை. அவளைக் கண்டித்துவிட்டு, ஒரு மாதம் கழிப்பறை கழுவ விட்டார்கள். கழுவத் தண்ணீர் கீழேயிருந்து சுமந்து வந்தாள்.

எலெனின் மனுவுக்கும் பதில் வந்தது. மாற்று ஆள் இல்லாததால் இப்போதைக்கு விடுவிக்க இயலாது. அந்த "இப்போதைக்கு" எவ்வளவு காலம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் கியெமுக்குத் தெரிந்திருக்காது.

மீனாள் கை வெந்து வந்தபோது எலென் மருந்து போட்டாள்.

"என்னாலதான அத்தை, உங்க பயணம்?"

"கையக் காட்டு. காஸ்டிக் சோடாவுல தண்ணி கலக்காம எவடி கழுவச் சொன்னது?"

"மாமா என்ன பண்ணுவாங்க?"

"கெடப்பார்," என்றாள் எலென். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை. பிறகு, "போ, கிளாசுக்கு நேரமாச்சு," என்றாள்.

அன்று சாயங்காலம் அகுஸ்தேனுக்கு எழுதினாள். வர இன்னும் நாளாகும். அவரை வாசல் பக்கம் பார்க்கிற மாதிரி படுக்க வையுங்கள். கழுத்தைக் கடைசியில் துடைக்கச் சொல்லுங்கள், முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள்.

மழைக்காலம் தொடங்கியதும் கட்டில் ஆறும் நிரம்பின. எலென் கஞ்சி வைத்தாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, புரை ஏறாத பதத்துக்குக் கெட்டியாகும்வரை துழாவினாள். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் விழுங்குவதில் கோளாறு இல்லை. ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். குடி என்றாள் எலென்.