ஒரே இடத்தில் நிற்காதவர்

பிள்ளைகளே, ஆட்சி மாறிய புதிதில், எங்கள் பக்கம் வயல் கூலியாட்கள் கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். அப்போது ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலை என்னுடையது. தடுப்பாட்டத்துக்கு ஒருவர் வந்தார். குட்டையானவர், வெறுங்கால், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். பந்து வருவதற்கு முன்பே ஒருமுறை திரும்பி, பின்னால் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். இடது, வலது, நடு என்று எங்கே நிறுத்தினாலும் அவரைத் தாண்டிப் பந்து போகவில்லை. எங்களுக்கு அப்படி ஓர் ஆள்தான் தேவைப்பட்டார்.

ஆனால் நாங்கள் ஆடிய திடல் மிராசுதாருடையது. இவரோ கூலிப் போராட்டத்தில் கொடி பிடித்தவர். சேர்த்தால் திடல் போய்விடும் என்று பயந்தேன்.

"என் ஆட்டத்துல என்னங்க குறை?" என்று கேட்டார்.

"ஒரே இடத்துல நிக்க மாட்டேங்கிறீங்க. நம்ம குழுவுக்கு அது சரிப்படாதுங்க," என்று பொய் சொன்னேன்.

"அவ்வளவுதானே, திருத்திக்கிறேங்க."

அடுத்த மாதம் நான் சைக்கிளில் போகும்போது, வாய்க்கால் கரைப் பொட்டலில் அவர் வேறு ஆட்களோடு ஆடிக்கொண்டிருந்தார்; நின்று பார்த்தேன். பந்து பக்கத்திலேயே உருண்டு போனது. அவர் அசையவில்லை.

"ஓடேன்யா, கால் என்ன வேர் விட்டுடுச்சா?" என்று கூட ஆடியவர் கத்தினார்.

அவர் என் பக்கம் திரும்பி, "இப்ப சரியா நிக்கிறேனாங்க?" என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். அவர் என்னை நம்பித்தான் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.