சுபாஷிணி அழித்த நட்சத்திரம்

சாயா ஆறிப்போயிருந்தது. சுபாஷிணி டம்ளரைக் கையில் பிடித்தபடியே மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஏழே முக்கால். பதினொரு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வின் இறுதிக் கருத்தரங்கு.

மட்டாஞ்சேரியில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பெண். பகலில் ஒரு தனியார் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். மிச்ச நேரமெல்லாம் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களோடு போயிற்று. விண்வெளித் தொலைநோக்கி என்றைக்கோ எடுத்த எக்ஸ்ரே படங்கள் இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். நட்சத்திரம் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட வேண்டும். அதற்குள் விழுந்த எக்ஸ்ரே துகள்களை நேரவாரியாக எண்ண வேண்டும். அப்படி எண்ணித்தான், வயதிலும் எடையிலும் சூரியனை உரித்துவைத்த மாதிரியான ஒரு நட்சத்திரம், சூரியனைவிட நூறு மடங்கு உக்கிரமாக வெடித்ததைக் கண்டிருந்தாள். ஆய்வே அந்த வெடிப்பின்மேல்தான் நின்றது.

ஸ்லைடு பார்க்க அழகாக இருக்கட்டுமென்று, அதே வானத்தின் புதிய ஒளிப்படத்தை எக்ஸ்ரே படத்தின்மேல் இப்போதுதான் பதித்தாள். நட்சத்திரம் வட்டத்துக்குள் இல்லை.

படம் பிசகியிருக்கும் என்று நினைத்தாள். மற்ற புள்ளிகளெல்லாம் அச்சுக் குத்தினாற்போல் பொருந்தியிருந்தன. பட்டியலைத் திறந்தாள். நட்சத்திரத்தின் இடம் இரண்டாயிரமாவது வருஷக் கணக்கு. எக்ஸ்ரே எடுத்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில். அருகிலுள்ள நட்சத்திரங்கள் வருஷந்தோறும் மயிரிழை மயிரிழையாக நகரும் என்பதை அவளே வகுப்பில் சொல்லித்தருகிறாள். அந்த நகர்வைக் கூட்ட மறந்திருந்தாள். பழைய இடத்தில் எண்ணியது பின்னால் கிடந்த வேறொரு சிவப்புக் குறுநட்சத்திரத்தை. அந்த இனத்துக்கு வெடிப்பதே வழக்கம்.

அப்படியானால் நிஜமானது? வட்டத்துக்கு வெளியே இருந்தது. அதன்மேல் அவள் போட்ட கறுப்புப் பெருக்கல் குறி. முதல் வருஷமே ‘தேவையற்றது’ என்று எண்ணிக்கையிலிருந்து நீக்கிய புள்ளி.

அப்பா அய்யாசாமி, கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி, இன்றைக்கென்று லீவு போட்டு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்.

“எந்தா மோளே, பேயடிச்சாப்ல இருக்கே?”

“வேற நட்சத்திரத்தை எண்ணிட்டேன்ப்பா. நிஜமானதை வேண்டாம்னு வெட்டிப்போட்டுட்டேன்.”

“எத்தனை நாளா?”

“மூணு வருஷமா.”

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சட்டை கசங்கியது. “ஆருக்கெல்லாம் தெரியும்?”

“நமக்கு ரெண்டு பேருக்கு.”

“அப்ப...” என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டார். “நீ வெட்டிப்போட்டியே, அது என்ன செஞ்சுச்சு?”

அவள் இன்னும் பார்க்கவில்லை. குறியை நீக்கிவிட்டு எண்ணவிட்டாள். பதினொரு மணி நேரப் பதிவில் தொண்ணூற்று நான்கே துகள்கள். வெடிப்பு எதுவும் இல்லை. தட்டையாக ஒரு கோடு.

வழிகாட்டி வைத்தீஸ்வரனை அழைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எக்ஸாமினர் ரயில் இறங்கிட்டார், சுபா. இன்னிக்கு இதை நடத்திடு. அப்புறமா திருத்திக்கலாம்.”

“அப்போ அந்த வெடிப்பை நிஜம்னு நான் வாயால சொல்லணும் சார்.”

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“அந்த வட்டத்தை நானும்தான் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்,” என்றார் கடைசியில். “சரி. நடந்ததைச் சொல்லு.”

சொன்னாள். பதினொரு மணிக்கு மேடையேறி, முதல் ஸ்லைடிலேயே கறுப்புக் குறியைக் காட்டிச் சொன்னாள். அரங்கில் யாரோ “அய்யோ” என்றது மேடைவரை கேட்டது. பின்வரிசையில் அய்யாசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“இந்தத் தப்பைப் பிடிச்சது யாரு?” என்றார் எக்ஸாமினர்.

“நான்தான் சார். தப்புப் பண்ணினதும் நான்தான்.”

“சூரியன் மாதிரி ஒண்ணு வெடிக்காம அமைதியா இருக்குங்கறதும் ஒரு கண்டுபிடிப்புதான். திருத்தி எழுத ஆறு மாசம் எடுத்துக்கோங்க.” பேனாவை மூடப்போனவர் நிமிர்ந்தார். “ஆமா, ஆய்வுல மொத்தம் நாற்பத்தொரு நட்சத்திரமில்லே? மத்த நாற்பதும்?”

சுபாஷிணி மடிக்கணினியில் அடுத்த படத்தைத் திறந்தாள். நாற்பது வட்டங்களையும் அதே இரண்டாயிரமாவது வருஷப் பட்டியலைப் பார்த்துத்தான், நகர்வைக் கூட்டாமல் போட்டிருந்தாள்.