திறக்காத சமையலறை ஜன்னல்

1. மஸ்கட்டிலிருந்து வந்த போன்

"அண்ணே, அம்மா இன்னும் சமையக்கட்டு ஜன்னலத் தொறக்கல. போனும் எடுக்கல. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்."

மஸ்கட்டிலிருந்து அன்வர் பேசியபோது நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். செஞ்சியில் வீடுகளுக்குக் கேமராவும் அலாரமும் மாட்டுவது என் தொழில். அன்வரின் அம்மா ஜமீலா, திண்டிவனம் ரோட்டு அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். அங்கே அலாரம் போட்டவன் நான்தான்.

முந்தைய வருடம் அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பால்கனிக் கதவை நெம்பித் திருடிவிட்டார்கள். நகை போனதைக்கூட அவர் பெரிதாகச் சொல்லவில்லை. இறந்துபோன கணவரின் கைக்கடிகாரமும் போய்விட்டது.

"ஓடாத வாட்ச்சு தம்பி அது. அத எடுத்துனு போய் அவன் இன்னா பண்ணுவான்?"

கதவுகள், ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் மேக்னட் சென்சார் வைத்தேன். காந்தத் துண்டு கதவில், சென்சார் சட்டத்தில். அலாரம் ஆனில் இருக்கும்போது இரண்டும் பிரிந்தால் சைரன் கத்தும். திறப்பதும் மூடுவதும் எந்நேரமும் அன்வரின் போனில் தெரியும். "காலைல ஜன்னல் தொறந்தா அம்மா டீ போடுறாங்கன்னு அர்த்தம்ணே" என்பான்.

ஜமீலாம்மாவுக்கு அது போதவில்லை. வாசலுக்கு இரும்பு கிரில் போட்டு, கதவுக்கு உள்பக்கம் கனமான தாழ்ப்பாளும் வைத்துக்கொண்டார். உள்தாழ்ப்பாள் வேண்டாம், வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டாகப் போட்டு, எதிர்வீட்டு வசந்தாவிடம் ஒரு சாவி கொடுங்கள் என்றேன்.

"வசந்தா தங்கமான பொண்ணுதான் தம்பி. ஆனா திருட்டு போனதுலேர்ந்து யாரு மேலயும் நம்பிக்க வர மாட்டேங்குது."

2. சைரன்

நான் போனபோது வசந்தா கிரிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். "உள்ள முனகுறாங்கண்ணே. கீழ வுழுந்துட்டாங்க போல."

வெல்டிங் கடைக்காரரைக் கட்டிங் மெஷினோடு வரச் சொன்னேன். கிரிலை அறுத்தோம். கதவு அவ்வளவு சீக்கிரம் அசையவில்லை. நல்ல தேக்கு, நல்ல தாழ்ப்பாள். நெம்பி உடைத்த அந்த நொடியில் சைரன் அலற ஆரம்பித்தது. இரவு ஆன் செய்த அலாரத்தை அவர் காலையில் ஆஃப் செய்திருக்கவில்லை.

ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வசந்தா ஓடிப்போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜமீலாம்மா எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

அலாரப் பேனலில் அதை நிறுத்தும் நம்பரைப் போட்டேன். ஏற்கவில்லை. எனக்குத் தெரிந்த நம்பரை அவர் மாற்றியிருந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி சைரனின் வயரைப் பிடுங்கினேன். வீடு அமைதியானபோது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியை அடையுமுன்பே உயிர் போய்விட்டது.

மறுநாள் அன்வர் வந்து சேர்ந்த பிறகுதான் அடக்கம் செய்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவன் அறுபட்ட கிரிலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

"அம்மா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

வசந்தாதான் பதில் சொன்னாள். "உன் பேரச் சொன்னாங்க தம்பி. நீ சாப்டியான்னு கேட்டாங்க."

அவன் சுவரில் சாய்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதான்.

படியிறங்கும்போது வசந்தாவிடம் கேட்டேன். "நெஜமாவே ஒனக்குக் கேட்டுச்சாம்மா?"

"அந்தச் சத்தத்துல இன்னாண்ணே கேக்கும்?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாடிக்கையாளர் திருடன் வரக்கூடிய வழிகளை வரிசையாகக் காட்டுவார். அத்தனையையும் அடைத்துவிடுங்கள், அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் டிரில்லை எடுப்பதற்கு முன், "நீங்க உள்ள வுழுந்துட்டா யாரு எப்படி வருவாங்க?" என்று கேளுங்கள். நான் கேட்கிறேன். "திருடனுக்கு வழி சொல்லித் தர்றியா?" என்று கோபித்துக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. போகட்டும். பதில் வராத வீட்டில் நான் வேலையை ஆரம்பிப்பதில்லை.