வாயில் பஞ்சு, எதிரில் அர்ஜென்டினா

இன்று பாளையங்கோட்டையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனேன். பல் டாக்டர் கால்பந்தில் அர்ஜென்டினா ரசிகர். நான் பிரேசில் என்பது அவருக்குத் தெரியும்.

பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து அடைத்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"உலகக் கோப்பையை மூணு நாட்டுல நடத்துதது நல்லதுதானே அண்ணாச்சி?"

ஒரு கல்யாணத்துக்கு மூணு மண்டபமா வே என்று கேட்க நினைத்தேன். பஞ்சு விடவில்லை.

"உங்க பிரேசிலுக்குக் கோச்சை மாத்திப் புண்ணியமில்ல. ஆடுதவங்களையும் மாத்தணும்."

கையை ஆட்டி ஆட்டி மறுத்தேன்.

"பாரும்மா, அண்ணாச்சிகிட்ட பதிலே இல்ல" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தார்.

விடுவேனா? வெளியே வந்ததும் நாளைக்கே ஒரு டோக்கன் போட்டுவிட்டேன். இந்தத் தடவை பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறந்து காட்டுவேன்.

மிச்சமிருப்பதெல்லாம் நல்ல பல். நாளைக்கு எது வலிக்கிறது என்று நான் சொல்லட்டும்?