டைம்பாஸ் என்றால் பாஸ் இல்லை

மைனியின் கை நின்றதை நான் பார்க்கவில்லை. எவர்சில்வர் தட்டில் ஜிப் ரன்னர்கள் விழும் சத்தம் நின்றதைத்தான் கவனித்தேன். பள்ளிக்கூடப் பைகளின் ஜிப்பில், இழுத்து மூடுகிற ரன்னரைக் கோக்கிற வேலையை அவள் வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். பேசினாலும் சிரித்தாலும் சண்டை போட்டாலும் கை கோத்துக்கொண்டே இருக்கும். அன்று அதை நிறுத்திவிட்டு டிவித் திரையைப் பார்த்தபடி கேட்டாள்: “ஏட்டி, தங்கச்சி சாகக் கெடக்கா. இவன் என்ன தூண்டிலப் போட்டுட்டு உக்காந்திருக்கான்? இவனுக்கு என்ன கோட்டியா?”

மைனி என் அண்ணன் மனைவி. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று பேரும் இருந்தோம். எனக்கு வீடியோ கேம்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. வெளிநாட்டில் உருவாகும் கேம்கள் கடைக்கு வருவதற்கு முன் எங்களிடம் வரும். விளையாடிப் பார்த்துப் பிழைகளை எழுதி அனுப்ப வேண்டும். தொற்றுக் காலத்தில் அலுவலகத்தை மூடிவிட்டுக் கருவிகளை வீட்டுக்கே அனுப்பினார்கள். கூடவே ஒரு படிவமும் வந்தது. வெளிவராத கேமை வேறு எவரும் பார்க்கக் கூடாது, உங்களுக்குத் தனி அறையும் மூடிய கதவும் உண்டா என்று அதில் கேட்டிருந்தார்கள். உண்டு என்று எழுதினேன். அண்ணன் தலைக்கு மேலே பலகைப் பரணில் படுத்திருந்தான். மைனி என் முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவை மூடினால் மூச்சு விட முடியாது. அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

இப்போது ஊரெல்லாம் கொண்டாடுகிற கேம் அது. பெயரைச் சொல்ல விருப்பமில்லை. கதாநாயகன் படையிலிருந்து ஓடிவந்தவன். எதிரிகள் அவனுடைய தங்கைக்கு விஷத்தைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூன்று நாளில் மருந்தோடு போய்ச் சேராவிட்டால் அவள் செத்துவிடுவாள் என்று அவனே அழுதுகொண்டு சொல்கிறான். அடுத்த நிமிடமே கேம் அவனை ஏரிக்கரையில் மீன் பிடிக்க விடுகிறது. யாருடைய ஆடுகளோ காணாமல் போனால் தேடப் போகலாம். கூடவே ஒரு கிழவன் வருவான். அவன் தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி முடிக்கும்வரை எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நடைதான், ஓட முடியாது. இருபது நாள் சுற்றிவிட்டுப் போனாலும் தங்கை அதே கடைசி மூச்சோடு காத்திருப்பாள். முடிவு மட்டும் கடைசிப் பந்தியில் பரிமாறுவது போல அவசர அவசரமாக வந்து விழும்.

இது எதுவும் எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். சோதிக்கிறவர்கள் கதையைக் கதையாகப் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை ஒரு பாலம் தருவார்கள், செவ்வாய்க்கிழமை ஒரு கதவு. பாலத்தின் சுவருக்குள் அவன் உடம்பு புகுந்துவிடுகிறதா என்று பார்க்க நாள் முழுக்க அவனை அதில் முட்ட வைத்திருக்கிறேன். எதற்காக அந்தப் பாலத்தைக் கடக்கிறான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மைனிக்குப் பாலமும் கதவும் பொருட்டே இல்லை. முதல் நாளிலிருந்து அந்தத் தங்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் கருவியைப் போட்டதும் அவள் கேட்கிற முதல் கேள்வி, அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்பதுதான்.

தூண்டில் கேள்விக்கு அலுவலகத்தில் படித்த பதிலைச் சொன்னேன். விளையாடுகிறவர்களுக்குச் சுதந்திரம் வேண்டும், மீன் பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் விருப்பம் என்று விளக்கினேன். மைனி பரணை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்கண்ணனுக்கு மூச்சு முட்டுனப்ப நான் வழியில நின்னு மீன் வாங்கிட்டா இருந்தேன்?”

அதற்கு இரண்டு மாதம் முன்பு அண்ணனுக்கு மூச்சுத் திணறியபோது ரோட்டில் ஒரு ரிக்‌ஷாகூடக் கிடையாது. தோல் பட்டறைக் கைவண்டியை இழுத்துவந்து, அவனை அதில் படுக்க வைத்து ஆஸ்பத்திரி வரை தள்ளிக்கொண்டு ஓடியவள் மைனி. ஒரு காலில் அவள் செருப்பு, மற்றொன்றில் என் செருப்பு. வழியில் தெரிந்தவர்கள் கூப்பிட்டுக் கேட்டதற்குக்கூட அவள் திரும்பவில்லை. அவசரம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கோடிகளைக் கொட்டி அந்தக் கேமை எடுத்தவர்களுக்குத் தெரியவில்லை.

அன்றே பிழை அறிக்கை எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பம்பாயில் வளர்ந்த எனக்கு டைம்பாஸ் என்பது அசல் ஆங்கிலச் சொல். லோக்கல் ரயிலில் வேர்க்கடலை விற்கிறவர் முதல் கல்லூரிப் பேராசிரியர் வரை எல்லாரும் சொல்வதுதானே. தலைப்பில் ‘ஏரிக்கரைக் காட்சி, டைம்பாஸ்’ என்று போட்டேன். கேம் மொத்தமாக உறைந்து நின்றால் மட்டும் போடுகிற முதல்நிலை முத்திரையையும் குத்தினேன்.

இரண்டு நாளில் அறிக்கையை மூடிவிட்டார்கள், நன்றியோடு. எங்கள் தொழிலில் பாஸ் என்றால் சோதனையில் தேறியது என்று பொருள். டைம்பாஸ் என்றால் வெட்டிப்பொழுது என்று தெரியாத அந்த வெளிநாட்டுக்காரர்கள் டைமைத் தனியாகவும் பாஸைத் தனியாகவும் படித்திருக்கிறார்கள். ஏரிக்கரைக் காட்சியின் நேர அளவு தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். முதல்நிலை முத்திரை கைதவறி விழுந்ததாம்.

எங்கள் குழுவுக்குத் தலைவரான லீட் சார் போன் செய்து விழுந்து விழுந்து சிரித்தார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற குடும்பம் அவருடையது, கெட்டவர் இல்லை. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கச் சொல்லிப் பெயர் கொடுத்திருந்தவரும் அவரே. சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“அவா தப்பாப் புரிஞ்சுண்டது உன்னோட நல்ல நேரம். கதை எப்படி இருக்குன்னு நம்மளை யாரும் கேக்கலம்மா. அப்படியே விட்டுடு.”

அண்ணன் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. வீடு என் வேலையை நம்பித்தான் ஓடியது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நடந்ததை மைனியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “பாஸா? யாரு போட்டா பாஸு?” என்று கேட்டுவிட்டு மறுபடி கோக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை அறிக்கையைத் திரும்பத் திறந்தேன். டைம்பாஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டு, பிழையை எப்படிப் பார்ப்பது என்று படிப்படியாக எழுதினேன். தங்கைக்கு மூன்று நாள்தான் என்று அவன் சொல்வதைக் கேட்கவும். ஏரிக்கரைக்குப் போகவும். இருபது நாள் மீன் பிடிக்கவும். பிறகு தங்கையிடம் போகவும், உயிரோடு இருக்கிறாள். எதிர்பார்த்தது என்ன என்ற கட்டத்தில், அவள் செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று நாள் என்று சொல்லியிருக்கக் கூடாது என்று எழுதினேன். கடைசியில் கண்டுபிடித்தவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. என் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டுப் பிறகு அழித்தேன். கண்டுபிடித்தது நான் இல்லையே. மைனியின் பெயரைப் போட்டு, என் அண்ணன் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்றும் சேர்த்து அனுப்பினேன்.

கேம் திட்டமிட்டபடியே இருக்கிறது, பிழை இல்லை என்று ஒருவரியில் பதில் வந்தது. அதற்கு முன்பே, வெளியாள் கேமைப் பார்த்தது தெரிந்துபோய், லீட் சார் கூப்பிட்டுவிட்டார். விளையாட்டாக எழுதினேன், வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்று ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் எப்படியாவது சமாளிப்பதாகக் கெஞ்சாத குறையாகச் சொன்னார். முடியாது என்றேன். அவள் பார்த்தாள் என்பது உண்மை. அவள் பார்த்ததும் சரி. அந்த வாரமே கருவிகளை எடுத்துப்போக வண்டி வந்தது. எம்பேர என்னத்துக்குட்டி போட்ட என்று மைனி ஒருநாள் முழுக்கத் திட்டினாள். மறுநாள் மெதுவாக வந்து, எழுத்துப் பிழை இல்லாமல் போட்டாயா என்று கேட்டாள்.

அதன்பின் ஐந்து மாதம் நானும் அவளோடு உட்கார்ந்து ரன்னர் கோத்தேன். இப்போது செம்பூரில் வேறொரு கம்பெனியில் அதே வேலைதான் பார்க்கிறேன். அங்கே கூட இருக்கிற பையன்கள் அந்தக் கேமைப் பற்றிப் பேசினால் குரலே மாறிவிடும். ஏரிக்கரை என்ன அழகு என்பார்கள். அழகுதான், யார் இல்லையென்றது? சாகக் கிடக்கிறவளை வைத்து எங்களைப் பதற வைத்துவிட்டு அழகைக் காட்டி ஏமாற்றாதே என்றுதான் சொல்கிறேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக எத்தனை விருது குவிந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

போன மாதம் அந்தக் கேமை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் மைனியைப் பக்கத்தில் உட்கார வைத்து முதலிலிருந்து ஆடினேன். அவன் அழுகிற காட்சி வந்தது. சீக்கிரம் மருந்தோடு போக வேண்டும் என்றான். அவ்வளவுதான். மூன்று நாள் என்ற பேச்சே இல்லை. குரலை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். குரல் நின்ற பிறகும் அவன் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. பிழை இல்லை என்று எழுதியவர்கள் மைனிக்குப் பயந்து மாற்றியிருக்கிறார்கள். அவள் கையைப் பிடித்து, நாம் ஜெயித்துவிட்டோம் என்றேன்.

கதாநாயகன் ஏரிக்கரைக்கு வந்து, தூண்டிலை எடுத்து, வசதியாக உட்காரும்வரை மைனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு நாளத்தான எடுத்திருக்கானுவ. அவ இன்னும் சாகத்தான கெடக்கா? இவன எந்திரிக்கச் சொல்லு. அதுவரைக்கும் இது பாஸ் இல்லன்னு எழுதுட்டி.”

இதோ, எழுதிவிட்டேன்.