தரகர் வாங்கிய சைலன்சர்

மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகு செய்யும் வெங்கிடேஸ்வரன் தன் காரின் சைலன்சரை மாற்றுவதா வேண்டாமா என்று எட்டு மாதம் யோசித்தான். அந்த எட்டு மாதமும் நான் அவனுடைய அடுத்த வீட்டில் இருந்தேன். இதில் எரிச்சல் தென்பட்டால் காரணம் அதுதான்.

அவனுக்கு ஐம்பத்தேழு வயது. பாலக்காட்டிலிருந்து எப்போதோ வந்து இங்கேயே நிலைத்துவிட்ட குடும்பம். ஜூ டவுனில் பழம்பொருள் கடை ஒன்றின் பின்னறைதான் அலுவலகம்: ஒரு மேஜை, இரண்டு போன், அலமாரி நிறைய மாதிரிப் பொட்டலங்கள். மிளகு இடுக்கியிலிருந்து வரும். வாங்குகிறவன் இந்தூரிலோ மும்பையிலோ இருப்பான். வெங்கிடேஸ்வரன் இரண்டு மிளகு மணியைக் கடித்துப் பார்ப்பான். பிறகு விற்கிறவன் சொன்னதைக் கொஞ்சம் மென்மையாக்கி வாங்குகிறவனிடமும், வாங்குகிறவன் சொன்னதைக் கொஞ்சம் மென்மையாக்கி விற்கிறவனிடமும் சொல்வான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வியாபாரம் முடியும். முப்பது வருடத்தில் தன் பெயரில் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லை. தொழிலில் அவனுக்கு நல்ல பெயர் உண்டு, அதை மறுப்பதற்கில்லை.

அப்படிப்பட்டவன் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். பழையதுதான். நீல நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாக உட்காரும். திருப்பூணித்துறையில் ஒரு டாக்டர் வெளிநாட்டுக்குக் குடிபெயரும்போது விற்றார். அவர் மறுநாளே விமானம் ஏற வேண்டியிருந்ததால் வெங்கிடேஸ்வரனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கார் அவன் கைக்கு வந்ததற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சந்தில் எதிரெதிரே காரும் ஸ்கூட்டரும் வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டும். முனையில் எப்போதும் லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும். காரை நிறுத்த இருந்த ஒரே இடம் நீலாம்பாள் வீட்டின் கீழ்த்தளம். ஒரு காலத்தில் சுக்குக் கிடங்கு, இப்போது காலி. நீலாம்பாள் மேல்தளத்தில் தனியாக இருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும். கம்ப்யூட்டர் வழியாக நாலைந்து நாட்டுக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். கிடங்கைச் சும்மாவே கொடுத்தாள். "வாடகையொண்ணும் வேண்டா, சத்தம் மட்டும் பாத்துக்குங்கோ" என்பதுதான் அவள் போட்ட நிபந்தனை. அந்த இடம் போனால் காரும் போன மாதிரிதான். தோப்பும்படி வரை அவன் ஏற்கெனவே தேடிப் பார்த்திருந்தான்.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலுவா போகிற வழியில் இதே மாதிரிக் கார் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதில் வேறு சைலன்சர் மாட்டியிருந்தார்கள். வெங்கிடேஸ்வரன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"கேட்டியா? அதாக்கும் இந்த எஞ்சினோட சொந்தக் குரல். நம்மோடதுக்கு வாயில துணியைத் திணிச்சு வெச்சிருக்கு."

"அப்போ மாத்திடு."

"மாத்தலாம். ஆனா நீலா இருக்காளே."

அன்று தொடங்கியது.

வைட்டிலா ஜங்ஷனுக்குப் பின்னால் இசக்கிமுத்துவின் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர், இருபது வருடமாகக் கொச்சியில் சைலன்சர் வேலை மட்டும் செய்கிறார். காரை ராம்பில் ஏற்றி அடியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எட்டு போல்ட்டு சார். வெட்ட வேண்டாம், வெல்டிங்கு வேண்டாம். பழசக் கழட்டிப் பத்திரமா வச்சிக்கிடுங்க. பிடிக்கலன்னா திரும்ப அதையே மாட்டிருவோம்."

"ரோட்டுல எம்.வி.டி. இன்ஸ்பெக்டர் பிடிச்சா?"

"இது சட்டம் சொல்லுத அளவுக்குள்ள நிக்குற அயிட்டம். பேப்பரோட வருது. பையம்மாரு மாட்டுத டப்பா இல்ல."

"ஸ்டார்ட் பண்ணும்போ?"

"முத ஸ்டார்ட்ல கூடத்தான் கேக்கும். எஞ்சின் தணுத்துக் கெடக்கும்லா? ஒரு நிமிசம் உறுமும், பொறவு அடங்கிரும்."

வெங்கிடேஸ்வரன் தலையை ஆட்டினான். பிறகு, தான் வாங்க வந்தவன் என்பதையே மறந்து, நீலாம்பாளின் தரப்பை எடுத்துச் சொல்லத் தொடங்கினான். அவள் பாட்டு டீச்சர், காலையில் கிளாஸ், சுருதி நிற்க வேண்டும், எதிர்முனையில் குழந்தைகள். அவ்வளவு உருக்கமாக அவளே சொல்லியிருக்க மாட்டாள். இசக்கிமுத்து ஸ்பானரைக் கீழே வைத்தார். கார் ராம்பிலிருந்து இறங்கியது.

அன்று மாலையே நீலாம்பாளின் படியேறினான். அவள் கிளாஸின் நடுவில் இருந்தாள். மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். இப்போது அவன் இசக்கிமுத்துவின் ஆளாகிவிட்டான். எட்டு போல்ட்டுதான், வெல்டிங் கிடையாது, பேப்பரோடு வருகிறது, பையன்கள் மாட்டுகிற டப்பா இல்லை என்று வரிசையாகச் சொன்னான்.

"எனக்குப் பிடிக்கலை அண்ணா. ஆனா காரு உங்களோடதாக்கும்" என்றாள் அவள்.

இந்த ஒரு வாக்கியம் எட்டு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது. பிடிக்கவில்லை என்றால் மறுப்பா, கார் உங்களுடையது என்றால் சம்மதமா, முதலில் சொன்னதற்கு எடை கூடுதலா, பின்னால் சொன்னதற்கா? இதையெல்லாம் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அலசினான். ஒரு விஷயத்தை எல்லாப் பக்கமும் பார்ப்பது நல்லது என்று புத்தகங்களில் படித்து நானும் நம்பிவந்தவன்தான். ஆனால் எல்லாப் பக்கமும் பார்க்கிறவன் தானும் ஏதோ ஒரு பக்கத்தில் நிற்க வேண்டும். வெங்கிடேஸ்வரனுக்கு நிற்கும் இடம் எப்போதும் நடுவில்தான். தனக்கு வேண்டியதையும் அங்கே நின்றபடி யாரோ இரண்டு பேர் பேசி முடித்துத் தர வேண்டும் என்று எதிர்பார்த்தான்.

கார் நான்கு முறை ராம்பில் ஏறியது, நான்கு முறை இறங்கியது. நீலாம்பாளின் படியை எத்தனை முறை ஏறினான் என்று கணக்கில்லை. அவன் மனைவி சீதாலக்ஷ்மி ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு அதை மாட்டிண்டு வாங்கோ, இல்லாட்டி என்னைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வாங்கோ."

"நீ என்ன சொல்றே? மாட்டலாமா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாவது முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனபோது இசக்கிமுத்து காரை ஏற்றவே இல்லை. "சார், அந்த அம்மாவ எங்கிட்டப் பேசச் சொல்லுங்க. ரெண்டு நிமிசம் போதும்" என்றார்.

வெங்கிடேஸ்வரனின் முகம் மாறியது. விற்பவனும் வாங்குபவனும் நேரில் பேசிக்கொள்வதுதான் தரகனுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து. அந்தப் பயம் எலும்புவரை போயிருந்தது போலும்.

"அதொண்ணும் வேண்டா. நான் சொல்லிக்கறேன்."

"நீங்க எட்டு மாசமா சொல்லுதீய."

அவன் கைகழுவப் போன நேரத்தில் இசக்கிமுத்து என்னிடம் நீலாம்பாளின் முகவரியைக் கேட்டார். கொடுத்தேன். அது துரோகம் என்றால் துரோகம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் இசக்கிமுத்து ஸ்கூட்டரில் வந்தார். சைலன்சரைச் சாக்கில் சுற்றிக் காலிடுக்கில் வைத்திருந்தார். நான்தான் மேலே கூட்டிப்போனேன். நீலாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த எட்டு போல்ட்டு?"

"நீங்கதானாம்மா அந்தக் காலம்பறக் கிளாஸு?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் சாயா போட்டுக் கொடுத்தாள். பிறகு பேச்சு நேராக நடந்தது.

"எத்தனை நேரம் சத்தம் போடும்?"

"காலையில மொதல்ல எடுக்கும்போ ஒரு நிமிசம். அம்புட்டுத்தான். ஒங்க கிளாஸு எத்தன மணிக்கு முடியும்?"

"ஒம்பதுக்கு. அதுக்கப்புறம் சாயங்காலம் அஞ்சுக்குத்தான்."

"அந்த சார் ஆபீஸ் போறது எப்ப?"

"ஒம்பதேகாலுக்கு."

இசக்கிமுத்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் இந்த இரண்டு நேரங்களையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்போது வெங்கிடேஸ்வரன் படியேறி வந்தான். யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் இருவரையும் ஒரே அறையில் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"வாங்கோண்ணா, ஒரு காரியம் சொல்லணும்" என்றாள் நீலாம்பாள். குரல் உயரவில்லை. "அந்தக் காரு ஒரு நிமிஷம் கத்தும். நீங்க வந்தா ஒரு மணிக்கூர். எட்டு மாசமா என் கிளாஸைக் கெடுத்தது சைலன்சர் இல்லை, நீங்களாக்கும். மாட்டினாலும் சரி, மாட்டாட்டாலும் சரி, எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனா இனி இந்தக் காரியத்தைப் பறைஞ்சுண்டு இந்தப் படி ஏறினா, கிடங்கோட சாவியைத் திருப்பித் தந்துடணும். நான் சும்மா சொல்லலை."

"இல்லே நீலா, விரோதம் இல்லைன்னு நீ மனசோடதான்…"

"சார், கீழ எறங்குங்க" என்றார் இசக்கிமுத்து.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களுக்காக ஒர்க்‌ஷாப்பைத் திறந்தார். கார் ஏறியது. ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். வெங்கிடேஸ்வரன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். மூன்று நிமிடமாவது போயிருக்கும். "மாட்டு" என்றான். காதில் விழவில்லை என்று இசக்கிமுத்து இன்னொரு முறை சொல்ல வைத்தார்.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. எஞ்சினை எழுப்பியபோது அடியிலிருந்து கனமாக ஒரு ஒலி வந்தது. கரகரப்பு இல்லை, வெடிப்பு இல்லை. நன்றாக இருந்தது, அதைச் சொல்லவும் செய்தேன். இந்த விஷயத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. தோப்பும்படிப் பாலத்தில் போக்குவரத்து கொஞ்சம் குறைந்த இடத்தில் வெங்கிடேஸ்வரன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். அப்போது அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த அரை நிமிடத்துக்காக அவனை மன்னித்துவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

சந்துக்கு வந்தபோது சாயங்காலக் கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. முனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, லாரியில் மூட்டை ஏற்றும் இரண்டு சுமட்டுத் தொழிலாளர்களோடு நானும் சேர்ந்து காரைத் தள்ளிக் கிடங்கில் விட்டோம்.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால். அவன் கூப்பிட்டதால் போய் நின்றேன். சாவியைத் திருப்பினான். கிடங்கு மூடிய இடம் என்பதால் சத்தம் இரண்டு மடங்காகத் திரண்டது. உத்தரத்திலிருந்து தூசி உதிர்ந்தது. லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்து, "பொளிச்சு சேட்டா!" என்று பாராட்டிக் கத்தினான். இசக்கிமுத்து சொன்னபடியே ஒரு நிமிடத்தில் உறுமல் தணிந்து சீராக ஓடத் தொடங்கியது.

வெங்கிடேஸ்வரன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். மேலே பார்த்தான்.

"அவ ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல ஒண்ணுமில்லை. ஆபீஸுக்குப் போ."

"உள்ள கோவமா இருந்தா? சொல்லாம இருக்கறதுதான் எனக்குப் பயம்."

"வெங்கிடி, ஏறாதே."

"நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. ஒரு தாங்க்ஸ் சொல்லிட்டு வந்துடறேன்."

"தாங்க்ஸ்ல தொடங்கி எங்க போய் நிப்பேன்னு எனக்குத் தெரியும். ஏறாதே."

ஏறினான். சட்டையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். ஐம்பத்தேழு வயதுக்காரனைச் சட்டையைப் பிடித்து இழுப்பதில்லை என்ற மரியாதை குறுக்கே வந்தது. கீழே நின்றபடியே அவன் குரலைக் கேட்டேன். முதலில் தாங்க்ஸ்தான். பிறகு, "சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சோ? உனக்குத் தோணினா பழசு இசக்கிமுத்துகிட்டயே இருக்கு, வெறும் எட்டு போல்ட்டுதான்…"

நீலாம்பாள் இறங்கி வந்தாள். பின்னாலேயே அவனும். அவள் கோபப்படவில்லை. கையை நீட்டினாள்.

"சாவி."

"நீலா, நான் சும்மா…"

"சாவியைத் தாங்கோண்ணா."

வளையத்திலிருந்து கிடங்குச் சாவியைக் கழற்ற அவனுக்கு நேரமாயிற்று. அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சத்தம் நன்னாவே இருந்தது" என்றாள். "அதைப் பறையலாம்னுதான் ஜன்னலுக்கு வந்தேன். அதுக்குள்ள நீங்க ஏறிட்டேள்."

அவள் மேலே போனாள். அவளிடம் போய்ப் பேசச் சொல்லி அவன் என்னைக் கெஞ்சினான். மறுத்துவிட்டேன். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நிற்கும் வேலையை நான் செய்வதாக இல்லை. சாயங்காலத்துக்குள் கார் கிடங்கிலிருந்து வெளியே வந்தாக வேண்டியிருந்தது.

இப்போது அது வல்லார்பாடத்தில், கண்டெய்னர் லாரிகள் நிற்கும் ஒரு யார்டின் மூலையில் நிற்கிறது. அவனுக்குத் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் இடம் கொடுத்தார். வெங்கிடேஸ்வரன் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிப் போய்க் காரைப் பார்த்துவிட்டு வருகிறான். போன வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தூசியைத் துடைத்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எங்களுக்கு இரண்டு பக்கமும் லாரிகள் எஞ்சினை ஓடவிட்டு வரிசையில் நின்றன. ஒன்று ஹாரனை அடித்தபடி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் கார் ஓடுகிறதா என்று காதால் தெரியவில்லை. இருவரும் குனிந்து டாஷ்போர்டில் எஞ்சின் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தோம். ஓடிக்கொண்டுதான் இருந்தது.